அரைப்பேர்

மூடுபனியை உவமையாக்க மாட்டேன்.
வட்டகொடையில் மூடுபனி என்றால்
ஆறேகால் ரயில் தாமதம்,
அவ்வளவுதான்.

பேராதனையில் பௌதிகம் படித்தவன்
கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
சான்றிதழ் தகரப்பெட்டியில்,
பென்சில் காதில்.

பதினெட்டுக் கிலோ ஒரு பேர்.
பதினேழே முக்கால் அரைப்பேர்.
முக்கால் பேருக்குச் செக்ரோலில் கட்டம் இல்லை.
எலக்ட்ரானும் இப்படித்தான்,
படிகளுக்கு நடுவே நிற்க அதற்கு இடமில்லை
என்று முதல் விரிவுரையில் சொன்னபோது
வகுப்பே வியந்தது.
எனக்கு வியப்பில்லை.
எங்கள் லயத்துக்குச் சம்பளம் அப்படித்தான் வரும்.

இரவில், மின்சாரம் இருக்கும் இரவில்,
பழைய நோட்டுகளைப் புரட்டுகிறேன்.
அளக்குமுன் துகள் எங்கே இருந்தது?
கேள்விக்கே பொருளில்லை என்கிறது ஒரு கட்சி.
இருந்தது, ஓர் அலை அதை நடத்திப் போனது
என்கிறது இன்னொன்று.
எல்லாமே நடந்தது, நீதான் கிளைகிளையாய்ப் பிரிந்து
கிளைக்கொரு பதிலைப் பார்த்தாய்
என்கிறது மூன்றாவது.
ஹட்டனில் டியூஷன் கொடுக்கும் தேவதாசன் தனிக்கட்சி:
"விடை சரியா வருதா? பிறகென்ன மச்சான்?"

செவ்வாய்க்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல்.
ஏழாம் நம்பர் மலையிலிருந்து இறங்கிய
புனிதமலரின் சாக்கைக் கொக்கியில் மாட்டினேன்.
முள் ஆடி ஆடி
பதினெட்டே முக்காலில் நின்றது.
"தண்ணிக்கு ரெண்டு கழி" என்றார் சுப்பவைசர்.

அவள் கத்தவில்லை.
இடுப்புப் படங்கில் வழிந்த நீரைத் தட்டிவிட்டுக் கேட்டாள்:
"நீங்க நிறுக்கிறதுக்கு முந்தி
எங்கிட்ட எவ்வளவு இருந்திச்சு?"

மடுவம் சிரித்தது.
என் நாலு வருடப் படிப்பு
அந்த ஒற்றை வாக்கியத்தில் நனைந்து நின்றது.

அவள் காதில் ஒரு தோடுதான்.
மற்றது தலவாக்கலை அடகுக்கடையில்.
இங்கிருப்பது இடதென்றால் அங்கிருப்பது வலது.
இதில் மாயமில்லை,
அடகு வைத்த அன்றே தீர்ந்த விஷயம்.
துகள்ச் சோடிகளும் தோடுகளாய் இருந்திருந்தால்
உலகம் எளிது.
பிரித்து, தூரத்தில் வைத்து,
வெவ்வேறு கோணத்தில் கேட்டு, எண்ணிப் பார்த்தார்கள்.
தோடுகள் ஒத்துப்போக ஓர் உச்சவரம்பு உண்டு.
துகள்கள் அதைத் தாண்டின.
பதில்களை முன்பே மடியில் முடிந்துகொண்டு அவை வரவில்லை.
அல்லது
தூரம் என்று நாம் நினைப்பது தூரமே இல்லை.

பார்க்குமுன் உனக்கு இன்ன இடமென்று ஒன்றில்லை
என்று எலக்ட்ரானிடம் சொல்லலாம்.
அது கோபிக்காது.
நகமெல்லாம் கறை பிடித்தவளிடம் எப்படிச் சொல்வது?
அட்டை கடித்த கணுக்காலில்
சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.
ஏழாம் நம்பர் மலையில்
அந்தப் பகல் முழுவதும் இருந்தது,
யாரும் அளக்காமல்.

எந்த இடத்தில் அது அரைப்பேர் ஆனது?
முள் நின்றபோதா?
சுப்பவைசர் வாய் திறந்தபோதா?
கொழும்பில் யாரோ கூட்டல் போடும்போதா?
கருவி எங்கே முடிகிறது, உலகம் எங்கே தொடங்குகிறது,
கோட்டை எங்கே கிழிப்பது என்று
பாடப்புத்தகம் மழுப்புகிறது.
மடுவத்தில் மழுப்பலுக்கு இடமில்லை.
கோடு என் பென்சிலில் இருந்தது.

அரை என்று எழுதினேன்.

வேறொரு கிளையில்
முழுப்பேர் எழுதியிருப்பேன் என்ற ஆறுதல்
அன்றிரவு வந்து பாயோரம் உட்கார்ந்தது.
போ என்றேன்.
அந்தக் கிளையின் அரிசியை
இந்த அடுப்பில் வேகவைக்க முடியாது.

மறுநாள் வெயில்.
சுப்பவைசர் டவுனுக்குப் போயிருந்த நேரம்
ஈரமில்லாக் கொழுந்து பதினெட்டுக் கிலோ நிறுத்துக் கட்டி,
குழாயடியில் நனைத்து,
அவர்கள் உதறுவதுபோலவே உதறி,
மறுபடி மாட்டினேன்.

முள் ஆடியது.
நிற்கும்வரை நான் மூச்சு விடவில்லை.

முக்கால் கிலோ.

தேதி போட்டு எழுதினேன்,
பென்சிலால் அல்ல,
பேனாவால்.